படுக்கையருகே பாடஞ்சொன்ன பேராசான்: சேர் வில்லியம் ஒஸ்லர்

மேனாட்டு மருத்துவ வரலாற்றிலே பெரும் பெயர் பெற்றவர் பலர். ஒருவர் கிருமியைக் கண்டார். ஒருவர் மயக்கமருந்தைக் கண்டார். ஒருவர் அம்மைக்குத் தடுப்புக் கண்டார். சேர் வில்லியம் ஒஸ்லர் அவ்வாறு உலகையே மாற்றிய மருந்தொன்றையும் கண்டவரல்லர். ஆயினும் அவர் மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும், மருத்துவம் கற்கும் மாணாக்கர் அவர் பெயரைக் கேளாது பட்டம் பெறுவது அரிது. ஆசிரியராய் இருந்ததொன்றே அவருடைய புகழுக்குக் காரணம். இக்காரணத்தினாலேயே அவருடைய வாழ்க்கையை ஆசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று என்று நான் கருதுகிறேன்.

அவருடைய சரிதத்தைப் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அவற்றுள் அவருடைய அன்பரான சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் தலைசிறந்தது. நான் இங்கு அவ்வளவு விரிவை நாடவில்லை. ஒஸ்லரின் கையிலிருந்த ஒரு சிறு ஊசியைப் பின்தொடர்ந்து அவர் வாழ்வைக் கூறுவதே என் எண்ணம். தசைவலிக்கும் நரம்புவலிக்கும் மருந்தில்லாத வெறும் ஊசியை ஏற்றிச் சிகிச்சை செய்யும் முறையை இன்று பல நாடுகளில் மருத்துவரும் இயன்மருத்துவரும் பயின்று வருகின்றனர். உலர் ஊசி முறை என்று அதனைக் கூறலாம். அம்முறையின் முன்னோடிகளைத் தேடிச் செல்வோர் ஒஸ்லரின் வாசலையும் தட்டாமற் போவதில்லை.

1849 ஆம் ஆண்டு யூலை மாதம் 12 ஆந் திகதி, கனடாவின் காட்டோரக் கிராமமாகிய பொண்ட் ஹெட்டில் ஒஸ்லர் பிறந்தார். தந்தையார் முன்பு ஆங்கிலக் கடற்படையிற் பணிபுரிந்து, பின் குருத்துவம் ஏற்றவர். மகனும் குருவாதல் வேண்டுமென்றே குடும்பம் எண்ணியது. மகனும் அவ்வாறே எண்ணி 1867 ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரின் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆனால் அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் அவரை வேறு வழியிலே திருப்பிவிட்டனர். பள்ளிக்கூடத்தை நடத்திய ஜோன்சன் என்னுங் குருவானவர், குளத்து நீரின் சிற்றுயிர்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் காட்டினார். மருத்துவராகிய ஜேம்ஸ் பொவெல் தமது நூல்நிலையத்தின் கதவை இளைஞனுக்குத் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டே ஒஸ்லர் இறையியலை விட்டு மருத்துவத்திற் புகுந்தார். பின்னர் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்திற் பாமர் ஹவார்ட் என்பார் அவரைக் கைதூக்கிவிட்டார். 1872 ஆம் ஆண்டிற் பட்டங் கிடைத்தது.

இம்மூவரையும் அவர் ஒருநாளும் மறந்தாரல்லர். பிற்காலத்தில் உலகம் போற்றிய தமது நூலை இம்மூவருக்குமே காணிக்கையாக்கினார். முதிர்ந்த வயதிலும், கூட்டங்களிற் சலிப்பு மேலிடும்போது கையிலுள்ள தாளிற் பொவெலின் பெயரைத் தம்மையறியாமலே எழுதிக்கொண்டிருப்பாராம். ஆசிரியரின் பெயர் மாணவனின் விரலிலே தங்கியிருந்தது என்று இதனைக் கொள்ளலாம்.

பட்டம் பெற்றபின் இலண்டனுக்கும், பேர்லின், வியன்னா ஆகிய நகரங்களுக்குஞ் சென்று மேற்கல்வி பயின்றார். இலண்டனில் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் இருந்தபோது, குருதியில் மிதக்கும் சிறுதட்டுக்களை 1873 ஆம் ஆண்டில் ஆராய்ந்து விளக்கினார். அக்கல்லூரி வைத்தியசாலையின் சிட்னி றிங்கர் என்பவரிடமே ஊசிச் சிகிச்சையையுங் கற்றுக்கொண்டார். உப்புக் கரைசல் ஒன்றினால் இன்றும் பெயர் விளங்கும் அதே றிங்கர்தான் இவர்.

இவ்விடத்தில் ஊசியின் கதையைச் சிறிது கூறவேண்டும். ஊசி குத்தி நோய் தீர்த்தல் சீனத்திலும் யப்பானிலும் மிகத் தொன்மையான முறை. யப்பானின் தெசிமாத் தீவிற் பணிபுரிந்த ஒல்லாந்துக் கம்பனி மருத்துவர் தென் றைன் அதனை விளக்கி 1683 ஆம் ஆண்டில் இலண்டனில் நூலொன்று வெளியிட்டார். அக்காலத்தில் நமது யாழ்ப்பாணத்தையும் ஆண்டது அதே கம்பனியே. பின்னர் 1821 ஆம் ஆண்டில் சேர்ச்சில் என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர் இதுபற்றி ஒரு சிறுநூல் எழுதினார். இவ்வாறு இலண்டனுக்கு வந்தபோது ஊசி தன் சொந்த நாட்டுத் தத்துவத்தையெல்லாம் வழியிலே விட்டுவிட்டது. நாடிகள், நிலைகள் என்னும் கணக்குகள் மறைந்தன. வலிக்கும் இடத்திற் குத்துதல் என்ற ஒன்றே எஞ்சியது. சீன மரபிலும் நோவுள்ள இடத்தையே நாடிக் குத்தும் வழக்கம் உண்டாதலின், வந்து சேர்ந்தது முழுவதும் புதியது என்றுஞ் சொல்வதற்கில்லை.

1874 ஆம் ஆண்டில் ஒஸ்லர் மொன்றியலுக்கு மீண்டு மக்கிலில் ஆசிரியரானார். அங்கே பத்தாண்டுக் காலத்தில் ஏறக்குறைய 800 பிரேதப் பரிசோதனைகளைச் செய்தார். உயிரோடிருக்கையில் மருத்துவன் கூறிய தீர்ப்பு சரியோ தவறோ என்பதை இறந்த உடல் கூறிவிடும். அந்தத் தீர்ப்புக்கு ஒஸ்லர் நாள்தோறும் தலைவணங்கினார். பெரியம்மை விடுதியிற் பணிபுரிந்து பெற்ற ஊதியத்தைக் கொண்டு மாணாக்கருக்கு நுணுக்குக்காட்டிகள் வாங்கினார் என்பதும் அக்காலத்துச் செய்தியே. அவ்விடுதி அவருக்கு ஊதியத்தோடு அந்நோயையும் சிறிதளவு கொடுத்தது.

அந்நாட்களில் நடந்ததாகக் குஷிங் கூறும் நிகழ்ச்சியொன்று நம் கதைக்கு இன்றியமையாதது. மொன்றியலின் சீனி ஆலைச் செல்வர் பீற்றர் றெட்பாத், பல்கலைக்கழகத்திற்கு வாரி வழங்கிய வள்ளல். அவருக்கு நாரிப்பிடிப்பு. மாடிப்படி ஏறி இளைத்து வந்த அவரைப் படுக்கவைத்து, ஒஸ்லரும் துணைவரும் நீண்ட ஊசிகளை முதுகின் கீழ்த் தசைகளில் ஏற்றினர். ஒவ்வொரு குத்துக்கும் முதியவர் வாயிலிருந்து வசைமாரி பொழிந்ததாம். முடிவில், வலி சிறிதுங் குறையாமலே எழுந்து நொண்டி நொண்டிப் போய்விட்டார். ஒஸ்லருக்கோ பெருந் துயரம். உடனே சுகங் கிடைத்திருப்பின் பல்கலைக்கழகத்திற்குப் பத்து இலட்சம் டொலர் கிடைத்திருக்குமே என்று வேடிக்கையாக வருந்தினாராம். இதனைப் படித்துச் சிரிக்காதார் இலர். ஆனால் நான் இதனைச் சிரிப்புக்காக மட்டும் எடுத்துக் கூறவில்லை. இதன் பொருள் பின்னர் விளங்கும்.

1884 ஆம் ஆண்டிற் பிலடெல்பியாவிலிருந்து பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அழைத்தது. அவர் அப்போது ஜெர்மனியில் இருந்தார். போவதா, மொன்றியலிலே தங்குவதா என்று தீர்மானிக்க இயலாது நாணயமொன்றைச் சுண்டிப் பார்த்தார் என்பது அவரே பின்னாளிற் சொன்ன கதை. பூ விழுந்ததோ தலை விழுந்ததோ, மருத்துவக் கல்விக்கு அது நல்லதாகவே விழுந்தது. ஐந்தாண்டுக்குப் பின் பால்ற்றிமோரிற் புதிதாய்த் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் தலைமை மருத்துவரானார். மருத்துவக் கல்லூரி அங்கு 1893 ஆம் ஆண்டிலே தொடங்கியது. மேரி கறெற் என்னும் சீமாட்டி பெருநிதி வழங்கியபோது விதித்த நிபந்தனையினால், முதல் நாளிலிருந்தே அங்குப் பெண்களும் ஆண்களோடு சமமாகச் சேர்க்கப்பட்டனர்.

கல்லூரி தொடங்குமுன் கிடைத்த ஓய்வில் ஒஸ்லர் தமது பெருநூலை எழுதினார். மருத்துவத்தின் தத்துவங்களும் நடைமுறையும் பற்றிய அந்நூல் 1892 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதத்தில், காலஞ்சென்ற மருத்துவ நண்பர் ஒருவரின் மனைவியாகிய கிறேஸ் றெவெயரை மணந்தார். நூல் முடிந்தபின்னரே மணம் என்பது அம்மையாரின் கட்டளை என்பர். அந்நூலை 1897 ஆம் ஆண்டில் விடுமுறையொன்றின்போது வாசித்தவர், செல்வர் றொக்பெல்லரின் ஆலோசகராயிருந்த கேற்ஸ் என்பார். நோயை இத்துணைத் தெளிவாக விளக்கும் நூல், தீர்க்கும் வழியை இத்துணைக் குறைவாகக் கூறுகின்றதே என்று அவர் திகைத்தார். அத்திகைப்பின் பயனாகவே 1901 ஆம் ஆண்டில் றொக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

கேற்ஸ் கண்டது உண்மையே. ஒஸ்லர் மருந்துகளில் நம்பிக்கை குறைந்தவர். பயனென்று தெளியாத சூரணங்களையும் கலவைகளையும் அவர் தயக்கமின்றிப் புறந்தள்ளினார். அத்தகையவர் நாரிப்பிடிப்பு என்ற பகுதிக்கு வரும்போது ஊசியைப் புகழ்கின்றார். திடீரெனத் தோன்றிய நாரிப்பிடிப்புக்கு அதுவே மிகப் பயனுள்ள சிகிச்சை என்கின்றார். மூன்று முதல் நான்கு அங்குல நீளமுள்ள ஊசிகள் போதும். பெண்களின் தொப்பிக்குரிய சாதாரண ஊசிகளே தூய்மையாக்கப்பட்டால் உதவும். வலிக்கும் இடத்திலே தசைக்குள் ஏற்றி ஐந்து அல்லது பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். பலருக்கு உடனே சுகங் காணும். இம்முறையைத் தமக்குக் கற்பித்தவர் றிங்கர் என்பதையும் அவ்விடத்திலேயே குறிப்பிடுகின்றார். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புவலிக்கும் ஊசியை முயன்று பார்க்கலாம் என்று வேறோரிடத்திற் கூறுகின்றார்.

அப்பகுதியில் மற்றொரு சிறப்பும் உண்டு. தசைவாதம் என்று வழங்கும் அந்நோயின் இருப்பிடம் தசைதானா என்பதே உறுதியில்லை என்றும், தசையிலுள்ள உணர்ச்சி நரம்புகளின் வலியாகவும் அது இருக்கக்கூடும் என்றும் எழுதிவைத்தார். ஒன்றே கால் நூற்றாண்டுக்கு மேற் கடந்தும் அவ்வினா முற்றாகத் தீர்ந்தபாடில்லை. தசைக்குள் விரலால் உணரத்தக்க இறுகிய நாரும் அதிலொரு நோவுப் புள்ளியும் உண்டென்பர் ஒரு சாரார். அப்புள்ளியென்று தனியே ஒன்றில்லை, நரம்பு மண்டலத்தின் கூருணர்வே அவ்வாறு தோன்றுகின்றது என்பர் மறுசாரார்.

இனி, றெட்பாத்தின் கதைக்கு வருவோம். தம் கண்முன்னே ஊசி தோற்றதை ஒஸ்லர் அறிவார். அறிந்தும் தமது நூலில் அதனைப் புகழ்ந்தார். இது முரணா? சில நாட்கள் இதைப்பற்றி நான் சிந்தித்ததுண்டு. ஒருவர் தோற்றதனால் ஒரு முறை பொய்யாகிவிடாது. பலருக்குச் சுகம் வந்ததையும் அவர் கண்டிருந்தார். ஆனால் எத்தனை பேருக்குக் குத்தினார், எத்தனை பேர் எழுந்து நடந்தனர், எத்தனை பேர் றெட்பாத்தைப்போல் நொண்டிச் சென்றனர் என்ற கணக்கு அந்நூலில் இல்லை. பிணவறையிற் கண்டதையெல்லாம் பதிந்து தொகுத்த அதே கை, ஊசியைப் பற்றி எழுதும்போது தன் அனுபவத்தையும் ஆசிரியரின் சொல்லையுமே சான்றாக வைத்தது. நாரிப்பிடிப்போ, பெரும்பாலும் சில நாட்களில் தானே தணியும் இயல்புடையது. குத்தினதனால் தணிந்ததா, தணியும் வேளையிற் குத்தினாரா என்பதை எண்ணிக்கையும் ஒப்பீடும் இல்லாமல் எவ்வாறு அறிவது? அக்கால மருத்துவத்துக்கே பொதுவான குறை இது. ஆசிரியரிடத்து அன்பு மிக்கவனுக்கு அவ்வாசிரியரின் கூற்றை அளந்து பார்ப்பது கடினம் என்பதற்கு ஒஸ்லரே சான்றாகிவிட்டார் என்பது என் துணிபு.

ஆயினும் அக்குறைக்கு மருந்தும் அவரிடமே இருந்தது. அதுவே அவருடைய கற்பித்தல் முறை. அக்கால அமெரிக்காவிற் பல கல்லூரிகளில் மாணவன் மண்டபத்திலிருந்து விரிவுரை கேட்பான். நோயாளியொருவரைத் தொடாமலே பட்டமும் பெறுவான். ஒஸ்லர் அவ்வழக்கத்தை ஹொப்கின்ஸிலே தகர்த்தார். இறுதியாண்டு மாணாக்கர் விடுதிகளிலே பணியாளராய் அமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவருக்குஞ் சில படுக்கைகள். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு எழுதுதல், உடலைத் தொட்டுப் பார்த்தல், குருதியையும் சிறுநீரையும் ஆராய்தல் யாவும் மாணவனின் கடமை. காலையில் ஒஸ்லர் படுக்கை படுக்கையாக வருவார். மாணவன் தான் கண்டதைச் சொல்லவேண்டும். சொன்னது சரியா என்று அங்கேயே, அந்நோயாளியின் உடலிலேயே பார்க்கப்படும். முதலிற் கண்ணாற் பார், பின் கையாற் தொடு, தட்டிக் கேள், அதன்பின்னரே முடிவு கூறு என்ற ஒழுங்கை அவர் விடாது வற்புறுத்தினார். தவறிய மாணவனை அவர் அவமதிப்பதில்லை; தமது தவற்றையும் ஒளிப்பதில்லை. சனிக்கிழமை இரவுகளில் மாணாக்கர் அவர் வீட்டு மேசையைச் சூழ்ந்திருந்து, வாரத்தின் நோயாளிகளைப் பற்றியும் பழைய நூல்களைப் பற்றியும் பேசுவர். தம் வாழ்வில் நினைக்கத்தக்கது ஒன்றுண்டாயின் அது மாணாக்கருக்கு விடுதிகளிலே பாடஞ்சொன்னதே என்று அவர் கருதினார்.

1905 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அரச மருத்துவப் பேராசிரியராய் இங்கிலாந்து சென்றார். 1911 ஆம் ஆண்டிற் சேர் பட்டமும் வந்தது. ஒக்ஸ்போர்ட்டில் அவர் வீடு வருவோர்க்கெல்லாம் திறந்திருந்தது. ஆனால் அக்கதவின் அகலத்துக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. 1914 ஆம் ஆண்டில் நிகழ்த்திய பேச்சொன்றில், கனடா வெள்ளையரின் நாடாகவே இருத்தல்வேண்டும் என்று அவர் கூறினார். அதே ஆண்டிலேதான் கோமகாத்தா மாரு என்னுங் கப்பலில் வந்த இந்தியர் வன்கூவர் துறைமுகத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டனர். இன்று அந்நாட்டிலே பல்லாயிரந் தமிழர் வாழ்கின்றனர். அவர்களின் பிள்ளைகள் ஒஸ்லர் பயின்ற பல்கலைக்கழகத்திலே மருத்துவம் பயில்கின்றனர். பெரியோரிடத்துக் குறையைக் காணும்போது குணத்தை மறுக்கவும் வேண்டாம். குணத்தைக் காட்டிக் குறையை மூடவும் வேண்டாம்.

அவ்வாண்டில் மூண்ட போர் அவர் இல்லத்தையும் விட்டுவைக்கவில்லை. முதற் குழந்தையை 1893 ஆம் ஆண்டிலேயே பிறந்த சில நாட்களில் இழந்தவர் அவர். எஞ்சிய ஒரே மகன் எட்வேட் றெவெயர், புத்தகப் பிரியன். பீரங்கிப் படையிற் சேர்ந்து பெல்ஜியத்தின் ஈப்பர் களத்துக்குச் சென்றான். 1917 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் எறிகணைத் துண்டுகள் அவன் உடலைத் துளைத்தன. அமெரிக்க மருத்துவப் பிரிவோடு அருகிலிருந்த குஷிங் விரைந்து வந்து சேர்ந்தார். தேர்ந்த கைகள் பல முயன்றும் பயனில்லை. 30 ஆந் திகதி, தன் 21 ஆம் வயதில், அவன் இறந்தான். பிறர் வலியைத் தணிப்பதற்குத் தலைமுறையொன்றையே பயிற்றிய தந்தைக்கு அதன்பின் வாய்த்த வலிக்கு மருந்துமில்லை, ஊசியுமில்லை. பகலில் விருந்தினரோடு முன்போலவே சிரித்துப் பேசினார். இரவில் அழுதார் என்று அறிந்தவர் எழுதியுள்ளனர்.

இரண்டாண்டின்பின் நுரையீரற் காய்ச்சல் அவரைப் பற்றியது. வாரக்கணக்கிற் படுக்கையிற் கிடந்தபோதும், தம் நோயைப் பிறர் நோய்போல நின்று நோக்கினார். இதன் முடிவைத் தாம் முன்னரே கண்டுகொண்டதாகவும், பிரேதப் பரிசோதனையைத் தாமே பார்க்க இயலாததே வருத்தம் என்றும் சொல்லிச் சிரித்தாராம். 1919 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29 ஆந் திகதி, 70 ஆம் வயதில், அவர் உயிர் நீங்கியது. ஏறக்குறைய 8,000 நூல்கள் கொண்ட அவருடைய சேகரம் மக்கில் பல்கலைக்கழகத்திற்குச் சேர்ந்தது. அந்நூல்களின் நடுவிலேயே அவருடைய அஸ்தியும் வைக்கப்பட்டுள்ளது.

ஊசியின் கதை அவரோடு முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராயிருந்த ஜனெற் திறவெல் அம்மையார், தசையின் நோவுப் புள்ளிகளை ஆராய்ந்து அவற்றுள் மருந்தைச் செலுத்தினார். 1979 ஆம் ஆண்டில் செக் நாட்டவராகிய காறல் லூவிற், 241 நோயாளிகளிற் கண்டதை வெளியிட்டு, நோவுள்ள இடத்தைச் சரியாகத் தொட்டால் மருந்தில்லாத ஊசியே உடனடியாக வலியைக் குறைக்கும் என்றார். அதன்பின்னர் அம்முறை பரவியது. பின்வந்த ஆய்வாளர் ஊசியையும் போலி ஊசியையும் ஒப்பிட்டு எண்ணத் தொடங்கினர். சில வலிகளிற் குறுங்காலச் சுகம் உண்டென்றும், நெடுங்காலப் பயன் அத்துணைத் தெளிவில்லை என்றும் அவ்வெண்ணிக்கைகள் காட்டுகின்றன. ஒஸ்லர் எண்ணாது விட்டதை அவருடைய வழிவந்தோர் எண்ணுகின்றனர்.

இன்று அம்முறையின் உயர்பயிற்சியை நாடிச் செல்லும் மருத்துவருக்கும் இயன்மருத்துவருக்கும் ஒஸ்லரின் வாழ்வு கூறத்தக்கது யாது? தோளின் மேற்புறத் தசைக்குச் சற்றுக் கீழே நுரையீரலின் நுனி உள்ளது. அளவறியாத கை அங்கே ஊசியை ஆழ ஏற்றினால் மார்பினுட் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். நரம்பு எங்கே, குருதிக்குழாய் எங்கே, எலும்பின் விளிம்பு எங்கே என்பதைப் படத்திற் கண்டால் மட்டும் போதாது. மெலிந்தவர் உடலிலும் பருத்தவர் உடலிலும் அவை விரலுக்கு வேறு வேறாகத் தோன்றும். ஆகவே அறிந்தவர் ஒருவர் அருகில் நின்று, மாணவனின் விரல் எதைத் தொடுகின்றது என்று கேட்டு, தவறினால் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும். சில நாட் பயிற்சியும் ஒரு சான்றிதழுமே போதும் என்போரும் உளர். போதாது என்போரும் உளர். எத்தனை மணி நேரம் என்ற விவாதத்திலே புகுதற்கு எனக்குத் தகுதியில்லை. ஆனால் நோயாளியின் படுக்கையருகே, ஆசிரியரின் கண்முன்னே, எத்தனை முறை என்ற வினாவை ஒஸ்லர் கேட்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பள்ளிக்கூடங்களிற் கற்பிப்போருக்கும் இதிற் பங்குண்டு. மாணவன் எழுதியதைத் திருத்துவதோடு நம் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றோம். அவன் எவ்வாறு பார்க்கின்றான், எவ்வாறு கேட்கின்றான், எவ்விடத்திலே தடுமாறுகின்றான் என்பதை அருகிருந்து காணும் நேரம் நமக்கு எவ்வளவு? ஜோன்சன் காட்டிய குளத்துநீர்த் துளியும், பொவெல் திறந்துவிட்ட நூல்நிலையமும், ஹவார்ட் நீட்டிய கையும் இல்லையேல் ஒஸ்லர் என்றொரு மருத்துவர் இல்லை. அம்மூவரும் பெரும் புகழ் பெற்றவர்களல்லர். அவர்களின் பெயரை இன்று நாம் அறிவது அவர்கள் மாணவன் எழுதிவைத்ததனாலேயே.